மூன்றடி நான்கு அங்குலம்

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் மண்டபம் கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில், களனி கங்கையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம், ஒரு சின்ன ஸ்டோர் அறை, பின்பக்கம் ஒரு கக்கூஸ். காலையில் அங்கே முன்பள்ளி நடக்கும், இருபத்தேழு பிள்ளைகள். பின்னேரம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு. சங்கத்தின் நூற்றிருபது கதிரைகள், இரண்டு தறப்பாள் கூடாரம், கிடாரங்கள், ஒலிபெருக்கி எல்லாம் ஸ்டோரில். யார் வீட்டில் மரணம் நடந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த வாசலில் கதிரை போட்டிருப்போம். அதுதான் சங்கத்தின் பெருமை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அந்த மண்டபத்துக்குள் மூன்றடி நான்கு அங்குலம் தண்ணீர் நின்றது. நான் வயரிங் வேலை செய்பவன், சங்கத்தில் சாதாரண அங்கத்தவன். அதற்குப் பிறகு தை மாதம் தொடங்கி சித்திரை வருடப்பிறப்பு வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்ன செய்தோம், எதில் பிழை விட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். கங்கைக்கரையில் இப்படிச் சின்னச் சின்ன மண்டபங்கள், அறநெறிப் பாடசாலைகள், நூல் நிலையங்கள் நிறைய இருக்கின்றன. யாருக்காவது உதவும்.

முதலில் எங்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். புயல் கரை தொட்டது கிழக்கில், நவம்பர் 28ஆம் திகதி. அடுத்த நாள் எங்கள் பக்கம் மழை குறைந்துவிட்டது. வானம் வெளுத்தது. பலர் ஆபத்து போய்விட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் விழுகிற ஆறு. மலையில் கொட்டியது எல்லாம் கித்துல்கல, ஹங்வெல்லை தாண்டி எங்களிடம்தான் வரவேண்டும். அது வர நேரம் எடுக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது மழையில் அல்ல, மழை விட்ட பிறகு. கையில் ஒரு முழு நாள் இருந்தது. அந்த நாளில் மண்டபத்திலிருந்து நாங்கள் ஒரு பொருளைக்கூடத் தூக்கவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டுச் சாமான்களோடு நின்றோம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சிப்போர்ட் அலுமாரிகள் ஊதி வெடித்தன. பிள்ளைகளின் மெத்தைகள், படப் புத்தகங்கள், பிரிட்ஜ், அம்பிளிபயர் எல்லாம் போயின. கதிரைகள் மிதந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து வெளியே போய்விட்டன. முன்பள்ளி திரும்பத் திறக்க ஒன்பது கிழமை எடுத்தது. அந்த ஒன்பது கிழமையும் நாட்சம்பளத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார் சிலர் பிள்ளையை விட இடமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அதைவிட எனக்கு நெஞ்சில் தைத்தது வேறொன்று. தண்ணீர் வடிந்த கிழமையில் சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் காலமானார். முப்பது வருடம் மாதாமாதம் சந்தா கட்டியவர். அவருடைய வாசலில் போட எங்களிடம் ஒரு கதிரை இல்லை.

ஆகவே வேலை தொடங்கும்போது நான் கமிட்டியிடம் சொன்னது இதுதான். தண்ணீரை நிற்பாட்டுவது நம் கையில் இல்லை. ஒன்பது கிழமையை ஒரு கிழமையாக்குவது நம் கையில் இருக்கிறது. அதற்கு எது உதவுமோ அதைச் செய்வோம்.

பொருளாளர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நாலடி மதில் கட்டி இரும்புக் கேட் போட்டா தண்ணி எப்படி உள்ள வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றடி அகலக் கதவுக்கு வெளியே இரண்டடி தண்ணீர் நின்றால் கதவின் மீது ஏறத்தாழ 170 கிலோ தள்ளும். தண்ணீர் மூன்றடி நான்கு அங்குலம் ஆனால் அது 470 கிலோ. உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எங்கள் நாற்பதடிச் சுவரின் மேல் அந்த உயரத்தில் ஆறு தொன்னுக்கு மேல் வரும். அது ஒரு கல் தடிப்பு மட்டுமே உள்ள சுவர். உள்ளே காய்ந்து வெளியே தண்ணீர் நின்றால் சுவர் உள்ளே விழும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் சுவர் நிற்கும். மேசன் பாஸ் எழும்பி, "ஐயா, முன்வீட்டு மதில் படுத்துக் கிடக்கு, போய்ப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. முடிவு இப்படி வந்தது: இருபது அங்குலம் வரை தண்ணீரைத் தடுப்போம், அதற்கு மேல் ஏறும் என்று தெரிந்தால் நாமே கதவைத் திறந்துவிடுவோம்.

ஏன் இருபது அங்குலம்? எங்களுக்கு இரண்டு வகை வெள்ளம் வருகிறது. ஒன்று கான் (தெருவோர வடிகால்) வெள்ளம். பின்னேரம் அடித்துப் பெய்கிற மழையில் கான் நிரம்பித் தெருத் தண்ணீர் படியேறும். ஓரடிக்கு மேல் வருவது அருமை, சில மணித்தியாலத்தில் வடிந்துவிடும். மற்றது கங்கை வெள்ளம். கங்கை மட்டம் உயர்ந்தால் அதில் விழவேண்டிய கான்களும் வாய்க்கால்களும் போக இடமில்லாமல் பின்னால் ஏறும். அது மெதுவாக வரும், நாட்கணக்கில் நிற்கும். முதலாவதைப் பலகையால் தடுக்கலாம். இரண்டாவதுக்குப் பொருட்களைத் தூக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் இத்தனை வருடம் நாங்கள் விட்ட பிழை. ஒவ்வொரு கான் வெள்ளத்துக்கும் மண்மூட்டை அடுக்கிக் களைத்துப்போவோம், கங்கை வெள்ளத்துக்கும் அதே மண்மூட்டையை நம்பி நிற்போம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் ஞாயிறு முழுவதும் அளவெடுப்பிலேயே போனது. சுவரில் டித்வாவின் சேற்றுக்கோடு தெளிவாக இருந்தது. ஆனால் ஒரு வெள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க முடியாது. 2016 மே மாத வெள்ளத்தின் கோடு எதிர்வீட்டு அக்காவின் சமையலறையில், அலுமாரிக்குப் பின்னால் பெயின்ட் படாமல் இருந்தது. அந்தக் கோட்டை எங்கள் மண்டபச் சுவருக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் ஒரு தெரு, இரண்டு படி, ஒரு மதில்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பாஸ்மார் பாவிக்கிற டியூப் லெவல் போதும். அரை அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் அறுபது அடி வாங்கினோம். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய சொட்டு நீலம் கலந்தோம். ஒரு முனையை அக்காவின் சுவர்க் கோட்டில் ஒருவர் பிடிப்பார், மறுமுனை எங்கள் சுவரில். இரண்டு முனையிலும் விரலை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அவ்வளவுதான்.

முதல் தடவை எங்கள் சுவரில் மூன்றடிக்குக் கிட்ட வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு லெவல் எடுத்தால் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று மேசன் பாஸ் சொன்னார். கொண்டுபோனோம், நான்கு அங்குலம் பிழை. குழாயின் நடுவில், மதிலுக்கு மேலே வளைந்த இடத்தில், ஒரு விரல் நீளக் காற்றுக்குமிழ் நின்றிருந்தது. குழாயை வாளித் தண்ணீரில் போட்டு ஒரு முனையில் உறிஞ்சி மெதுவாக நிரப்பினால் குமிழ் வராது. பைப்பில் வேகமாகப் பிடித்தால் வரும். இரண்டாம் தடவை சரியாக வந்தது: 2016 வெள்ளம் எங்கள் தரையிலிருந்து இரண்டடி ஏழு அங்குலம். டித்வா அதைவிட ஒன்பது அங்குலம் கூட. 2016 வெள்ளத்துக்கு நீலக் கோடு, 2025 வெள்ளத்துக்குச் சிவப்புக் கோடு என்று சுவரில் எண்ணெய்ப் பெயின்டால் இழுத்து ஆண்டையும் எழுதினோம். சுவரைத் திரும்பப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கோடுகளை அழிக்கக்கூடாது என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீரின் உயரம் மனிதர் ஞாபகத்தில் நிற்பதில்லை. 2016 வெள்ளம் இடுப்பளவு என்று ஒருவரும் முழங்காலளவு என்று ஒருவரும் சொன்னார்கள். இருவரும் உண்மையாகவே அப்படி நினைத்தார்கள்.

இந்தக் கோடுகளை நாகலகம் வீதி அளவுகோலோடு சேர்த்துப் பார்த்தோம். கொழும்பில் கங்கை மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அங்கேதான் அளக்கிறது, மற்ற இடங்களைப்போல மீற்றரில் அல்ல, இன்னும் அடியில். 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 2016இலும் டித்வாவிலும் 7 அடி தாண்டியது. நாகலகத்தில் இத்தனை அடி என்றால் நம் மண்டபத்தில் இத்தனை அங்குலம் என்று சூத்திரம் போட எனக்கு ஆசை வந்தது. போடவில்லை. இரண்டு வெள்ளத்தை வைத்து அப்படிப் போட்டால் மூன்றாவது வெள்ளத்தில் யாராவது அதை நம்பி நிற்பார்கள். பதிலாக எளிய விதி ஒன்று வைத்தோம். நாகலகம் 4 அடியைத் தொட்டு, மேலே ஹங்வெல்லையிலும் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மண்டபத்தைக் காலி பண்ணத் தொடங்குவது. 5 அடிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மூன்று தடவை வீணாகத் தூக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

கதவுப் பலகை சின்ன வேலை என்று நினைத்தேன், இரண்டு ஞாயிறு தின்றது. கதவின் இரண்டு பக்கமும் இரும்புச் சனல் (பள்ளமுள்ள சட்டம்) அடித்து, முக்கால் அங்குல பிளைவூட் பலகையை மேலிருந்து இறக்குகிற மாதிரிச் செய்தோம். பலகையின் ஓரம்தான் தண்ணீர் குடிக்கும், அதற்கு ரெசின் பூசினோம். பிறகு வாசலுக்கு வெளியே களிமண்ணால் ஒரு சின்ன அணை கட்டி, பைப்பால் தண்ணீர் நிரப்பிச் சோதித்தோம். பத்து அங்குலத்தில் கீழ் மூலையால் தண்ணீர் பீறியது. பலகையில் பிழை இல்லை, வாசல்படிச் சீமெந்து நடுவில் குழிந்திருந்தது. அதைக் கொத்தி, லெவல் வைத்துத் திரும்பப் பூசி, பலகையின் அடியில் சைக்கிள் டியூபை இரண்டாக மடித்து ஒட்டினோம். இப்போது கசிகிறது, ஆனால் ஒரு வாளியும் துணியும் போதும். சோதிக்காமல் விட்டிருந்தால் முதல் மழையில்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீர் உள்ளே வந்தது கதவால் மட்டும் அல்ல. டித்வா அன்று முதலில் தண்ணீர் எழும்பியது கக்கூஸ் கோப்பையால் என்று பக்கத்து வீட்டில் இருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா சொன்னார். குழி நிரம்பினால் பின்னால் வரும், அதுவும் வெறும் தண்ணீராக வராது. கோப்பைக்கும் குழிக்கும் இடையில் நொன்ரிட்டர்ன் வால்வு ஒன்று வைத்தோம். தண்ணீர் வெளியே போகும்போது அதன் மடல் திறக்கும், திரும்பி வந்தால் மூடும். மடலில் ஒரு பொலித்தீன் துண்டு சிக்கினாலே மூடாது. அதனால் மேலே ஒரு மூடி வைத்த குழி கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து கழுவ வேண்டும் என்று கலண்டரில் குறித்திருக்கிறோம். பிள்ளைகள் இருக்கிற இடம் என்பதால் இந்தச் செலவை நான் எதற்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம் கரண்ட். இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய வயரிங்கில் பிளக் பொயின்ட் எல்லாம் தரையிலிருந்து ஓரடியில் இருந்தது. வயர்கள் தரைக்குள் பதித்த குழாயால் ஓடின. போர்ட் நாலடியில், டித்வா கோட்டுக்கு எட்டு அங்குலம் மேலே. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் அதுவும் போயிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு 500 வோல்ட் மெகரால் வயர்களின் காப்பைச் சோதித்தேன். குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டிய இடத்தில் 0.02 வந்தது. தரைக்குழாய்க்குள் இன்னும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. பிளக் பொயின்ட்களைக் கழற்றினால் உள்ளே சேறு, செம்பு பச்சை பிடித்திருந்தது. வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்டார்கள். இல்லை. தண்ணீரில் முழுகிய பிளக் பொயின்ட், சுவிட்ச், பிரேக்கர், டிரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து துண்டிப்பது) எதையும் காயவைத்துப் பாவிக்கக்கூடாது. வெளியே காய்ந்து, உள்ளே ஸ்பிரிங்கில் துரு ஏறும். ஒருநாள் விழவேண்டிய நேரத்தில் டிரிப் சுவிட்ச் விழாது. முன்பள்ளியில் அந்தச் சோதனை வேண்டாம்.

தரைக்குழாயை அப்படியே கைவிட்டோம். வயர்கள் எல்லாம் இப்போது கூரையால் வந்து சுவரில் கீழே இறங்குகின்றன, எதுவும் கீழே போய் மேலே ஏறுவதில்லை. பிளக் பொயின்ட் ஐந்தடியில். போர்ட் ஆறரை அடியில், அதற்கு நின்று எட்ட சீமெந்தில் ஒரு படி. லைட்டும் ஃபேனும் ஒரு சர்க்கிட், பிளக் பொயின்ட் வேறு சர்க்கிட். வெள்ளம் வடிந்தவுடன் மேல் சர்க்கிட்டை மட்டும் சோதித்துக் கொடுத்தால் கழுவுகிறவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். முழுவதற்கும் 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச். ஐந்தடியில் பிளக் பொயின்ட் வைத்ததில் இன்னொரு நன்மை, சின்னக் கைகளுக்கு எட்டாது. டீச்சர் அதைத்தான் முதலில் கவனித்தார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெயின் சுவிட்சைத் தண்ணீர் வர முன்னர் நிற்பாட்ட வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு போர்டில் கை வைக்கக்கூடாது. பிந்திவிட்டால் விட்டுவிட்டு வெளியே வந்து, கரண்ட் கொடுக்கிற நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மீற்றரும் அதற்கு முந்திய பியூஸும் அவர்களுடையவை, நானே தொடமாட்டேன்.

தளபாடத்துக்கு ஒரே விதி: சிவப்புக் கோட்டுக்குக் கீழே நனைந்தால் கெடுகிற எதுவும் நிரந்தரமாக இருக்கக்கூடாது. சிப்போர்ட் இனி இல்லை. ஆங்கிள் இரும்பில் ராக்கைகள் அடித்தோம், கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான், மேல்தட்டில் புத்தகம். ஸ்டோர் அறைக்குள் ஏழடி உயரத்தில் பத்தடி நீளப் பரண் ஒன்று. கதிரைகளை அடுக்கி, கைப்பிடிக்குள்ளால் நைலோன் கயிறு விட்டுச் சுவர்க்கொழுக்கியில் கட்டுவது. மிதக்கட்டும், போய்விடக்கூடாது. கிடாரங்களும் அப்படித்தான். வெறும் கிடாரம் ஓடம் மாதிரி மிதந்து முட்டிக்கொண்டு திரியும் என்பதை டித்வாவில் கண்டோம்.

பதிவேடுகளின் கதை தனி. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பெயர்கள், யார் எப்போது சேர்ந்தார், யாருடைய மரணத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மூன்று பெரிய கொப்பிகளில் இருந்தது. மூன்றும் நனைந்தன. ஒன்றை நாங்கள் அவசரத்தில் வெயிலில் விரித்துப் பக்கம் பக்கமாகப் பிரிக்கப் பார்த்தோம், கிழிந்து கூழாகிப்போனது. அந்தப் பிழைக்கு இன்றும் வருந்துகிறேன். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்த அங்கத்தவர் ஒருவர் அன்று பின்னேரம் வந்து, "மத்த ரெண்டையும் திறக்காதீங்க, பொலித்தீன்ல சுத்தி ஃப்ரீசர்ல வைங்க" என்றார். நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் வந்துவிடும், உறைந்திருந்தால் வராது. தெமட்டகொடையில் உறவினர் ஒருவரின் ஐஸ்கிரீம் கடையில் கரண்ட் இருந்தது. இரண்டு கொப்பியும் அங்கே ஒரு மாதம் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மை படாத வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு இடையில் வைத்து, தாளை மாற்றி மாற்றி ஃபேன் காற்றில் காயவைத்தோம். போல்பொயின்ட் பேனையால் எழுதியது எல்லாம் வாசிக்க முடிகிறது. மைப்பேனை எழுத்துக் கரைந்துவிட்டது. இப்போது எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறோம். கொப்பிகள் பரணில், இறுக்கி மூடுகிற பரலுக்குள்.

கழுவுகிற வேலையையும் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஏனென்றால் ஒரு கிழமையில் திறப்பதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ள வேண்டும், காய்ந்தால் சீமெந்தாகிவிடும். தண்ணீர் வடியும்போதே உள்ளே இருந்து விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போனால் பாதி வேலை முடியும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் வெள்ளச் சேற்றில் புண்ணுள்ள காலால் ஏறும். அதற்கு முன்கூட்டி எடுக்கிற மாத்திரை இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி எடுக்க வேண்டும், கடையில் வாங்கி நாமாகப் போடக்கூடாது. கழுவிய பிறகு குளோரின் கரைசல். குளோரினோடு கக்கூஸ் கழுவுகிற அசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். கடைசியாக, தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் கவிழ்ப்பது, இல்லாவிட்டால் வெள்ளத்துக்குப் பின்னால் டெங்கு வரும்.

சுவரைப் பற்றி ஒன்று. 2016இல் வெள்ளம் வடிந்து மூன்றாம் கிழமையே நாங்கள் நல்ல பெயின்ட் வாங்கி அடித்தோம். மூன்று மாதத்தில் பாளம் பாளமாக உரிந்தது. சுவர் உள்ளே ஈரமாக இருந்தது, பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடவில்லை. இந்தத் தடவை நாலடிக்குக் கீழே சுண்ணாம்பு மட்டும் அடித்திருக்கிறோம். சுவர் மூச்சுவிடும். அழுக்கானால் திரும்ப அடிக்கலாம், செலவும் குறைவு. பிள்ளைகள் உரசினால் சட்டையில் ஒட்டுகிறது என்று தாய்மார் முறையிட்டார்கள், சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்தோம், இப்போது பரவாயில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேல் போனது. அதில் பாதிக்கு மேல் வயரிங். கூலி இல்லை. அங்கத்தவர்கள் விசேட சந்தாவாகக் கொடுத்தது போக மிச்சத்துக்கு ஹார்ட்வெயார் நானா மூன்று மாதக் கடன் தந்தார். அவருடைய கடைக்குள்ளும் டித்வாத் தண்ணீர் நின்றது. பலகைச் சனலை எப்படி அடித்தோம் என்று வந்து பார்த்து, தன் கடை வாசலுக்கும் அதே மாதிரி அடித்துவிட்டார்.

மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கானைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இடித்த செங்கலும் மெத்தையும் கட்டிய குப்பையும் அதில் கொட்டுகிறார்கள். கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள் மழைத் தண்ணீரை வாங்கி வைத்து மெதுவாக விடுகிற பெரிய தொட்டிகள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது அந்த நிலங்களுக்காகத்தான். அவற்றை நிரப்பிக்கொண்டே போனால் நான் பிளக் பொயின்ட்டை எவ்வளவு உயர்த்தினாலும் போதாது. எங்களால் முடிந்தது இரண்டு: கமிட்டி கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்தது, மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் நீளத்துக்குக் கானை நாங்களே துப்பரவாக்குவது.

பங்குனியில் ஒத்திகை வைத்தோம். நாகலகம் 4 அடி என்று வைத்துக்கொண்டு, பதினொரு பேர் சேர்ந்து மண்டபத்தைக் காலி பண்ண வேண்டும். முதல் தடவை ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரைக்கு ஓடினார்கள், பரணுக்கு ஏறுகிற ஏணி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, பிரிட்ஜைத் தூக்க இரண்டு பேர்தான் நின்றார்கள். ஏணியைச் சுவரில் கட்டி வைத்தோம். யார் எதைத் தூக்குவது என்று கரும்பலகையில் எழுதினோம், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர், ஏனென்றால் ஒருவருடைய வீட்டுக்குள் அதே நேரம் தண்ணீர் வந்திருக்கும். பிரிட்ஜுக்கு நாலரை அடியில் இரும்பு மேசை ஒன்று அடித்தோம், நான்கு பேர் சேர்ந்து ஏற்றிவிடலாம். இரண்டாம் தடவை நாற்பத்தெட்டு நிமிடம். இரவு வேளையில் இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா சொன்னார். சரிதான். அதனால் மூன்று பேர் மட்டும் வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று தனிப்பட்டியல்: மெயின் சுவிட்ச், பதிவேட்டுப் பரல், மெத்தைகள், அம்பிளிபயர். கதிரைக்குக் கயிறு மட்டும் போதும்.

செய்தி வருவதிலும் ஓர் ஓட்டை இருந்தது. டித்வா நாட்களில் சில எச்சரிக்கைகள் சிங்களத்தில் முதலில் வந்தன, தமிழில் பிந்தி வந்தன. எங்கள் தெருவில் வயதானவர்கள் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கணக்கு வகுப்பில் படித்து இப்போது உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிக்கையைப் பார்த்து, நாகலகம் எத்தனை அடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தமிழில் குரல்பதிவாக அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் காலை ஒன்று, இரவு ஒன்று. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

சித்திரைக்கு முந்திய கிழமை ஒரு பின்னேரம் இடிமழை அடித்தது. கான் நிரம்பித் தண்ணீர் படிக்கு மேல் ஏழு அங்குலம் வந்தது. அக்கா தனியாகவே பலகையை இறக்கினார். உள்ளே ஒரு வாளி தண்ணீருக்குக் குறைவாகத்தான் வந்தது, கக்கூஸால் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முன்பள்ளி வழமைபோலத் தொடங்கியது. கங்கை வெள்ளத்துக்கு இன்னும் சோதனை இல்லை, அது வரும்போதுதான் தெரியும்.

இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீர் மோட்டர் இன்னும் தரையில்தான் இருக்கிறது, அதைச் சுவர்த்தாங்கியில் ஏற்ற வேண்டும். ஸ்டோரின் பின்சுவரில், தரையோடு, இரண்டு ஓட்டை விட்டு மூடி போட வேண்டும், பெருவெள்ளத்தில் திறந்துவிட்டால் உள்ளும் புறமும் மட்டம் சமமாகும். அடுத்த தெருவில் இருக்கிற சிங்கள அறநெறிப் பாடசாலைக்காரர்கள் டியூப் லெவலைக் கேட்டிருக்கிறார்கள். குழாயில் பழைய நீலத் தண்ணீர் பாசி பிடித்திருந்தது, இன்று கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.